நிறுத்தத்தில் எரிந்தது

கேட்டீங்களா சார், அந்த உறுமலை? பஸ் நிக்குது. ஆள் ஏறிக்கிட்டிருக்காங்க. நிக்கிற வண்டிக்கு எதுக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கணும்? ஒரு மிதிக்கு ஒரு சங்கு டீசல் போகும், குழந்தைக்கு மருந்து புகட்டுவோமே, அந்தச் சங்கு. நான் இந்த டிரைவரைக் குறை சொல்லல. பழக்கம். கால் சும்மா இருக்க மாட்டேங்குது. கால் சும்மா இருக்கிறவன்தான் நல்ல டிரைவர். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா?

பை இருக்கட்டும் சார், எடுக்க வேணாம். நான் ஓரமா உக்காந்துக்கிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு, முக்கால் மணி நேரம் இருக்கு.

என் பேர் தெய்வசிகாமணி. போக்குவரத்துக் கழகத்துல முப்பத்தோரு வருஷம். முதல் பத்து வருஷம் ஸ்டியரிங் பிடிச்சேன், அப்புறம் டிரைவர்களுக்குப் பயிற்சி குடுக்கிற ஆளாப் போட்டாங்க. எங்க டெப்போ வாசல்ல ஒரு கரும்பலகை. ஒவ்வொரு டிரைவர் பேருக்கு நேரா, ஒரு லிட்டர் டீசல்ல எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்னு எழுதியிருக்கும். எழுதுறது நான்தான். அஞ்சுக்கு மேல போனா பச்சை சாக்பீஸ், கீழ போனா சிவப்பு. சிவப்புல வந்தவன் பக்கத்துல போய் உக்காந்துக்குவேன், ஒரு ட்ரிப் முழுக்க. கியரை மாத்து, காலை எடு, தூரத்துல சிக்னல் தெரியுது பாரு, இப்பவே காலை எடு. மூணு நாள்ல பச்சைக்கு வந்துருவான். சில பேர் ரெண்டே நாள்ல வந்துருவாங்க, என் மேல அவ்வளவு பயபக்தி. முதுகுக்குப் பின்னாடி எனக்கு ‘அரை லிட்டர்’னு பேர் வெச்சிருந்தாங்க. பிரியம்தான், வேற என்ன?

ஆனா நான் சொல்ல வந்தது பஸ்ஸைப் பத்தி இல்ல. எங்க வீட்டுக் காரைப் பத்தி.

வீட்டுக் கார்னா, என் சம்சாரத்தோட கார். மங்கையர்க்கரசின்னு பேர், நான் அரசின்னு கூப்பிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா சேந்து, முப்பது வருஷம் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு அடுத்தவங்க பேச்சைக் கேட்டவ. ரொம்ப நல்லா கேப்பா சார். குறுக்கவே பேச மாட்டா. விருப்ப ஓய்வுல வந்தப்ப, வந்த பணத்துல அவளே போய் ஒரு சின்ன கார் எடுத்துட்டு வந்தா. ஆயிரம் சிசி, வெள்ளி நிறம். ஓட்டவும் அவளே கத்துக்கிட்டா. நான் சொல்லித் தர்றேன்னுதான் சொன்னேன், முதல் நாள் சுந்தர் நகர் வரைக்கும் போயிட்டு வந்தோம். மறுநாள் டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டா. அங்க ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்துச்சாம். எனக்கு அலைச்சல் வேணாம்னு நினைச்சிருப்பா.

அப்ப நான் இன்னும் வேலையில இருந்தேன். நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பாவம், மூணு வருஷம் பகல் முழுக்க வீட்ல தனியாத்தான் இருந்தா. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஒரே பொண்ணு நித்யகல்யாணி, ஓசூர்ல குடும்பமா இருக்கா. டெப்போல உக்காந்து நான் எத்தனையோ நாள் நினைச்சு வருத்தப்பட்டிருக்கேன், இவ தனியா என்ன செய்யறாளோன்னு. ரிட்டயர் ஆன மறுநாள் காலையில சொன்னேன், “அரசி, இனிமே நாள் முழுக்க உன் கூடத்தான்.” சந்தோஷத்துல கையில இருந்த காபியை அப்படியே கீழ வெச்சுட்டா.

டோல்கேட் வந்துருச்சு. பாருங்க, இப்பவும் கடைசி நிமிஷத்துலதான் பிரேக்கு.

சரி, கார். போன பங்குனியில நான் ஒரு நாள் அவகிட்ட கேட்டேன், வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுன்னு. “தெரியாதுங்க”ன்னா. அஞ்சு வருஷமா ஓட்டுறா சார்! “கம்பெனிக்காரங்க இருபத்தி நாலுன்னு சொன்னாங்க”ன்னா. சிரிப்பு வந்துருச்சு எனக்கு. கம்பெனிக்காரன் சொல்றது, வண்டியை ரூமுக்குள்ள உருளை மேல ஏத்தி ஓட்டிப் பாக்குற கணக்கு. அங்க மாடு குறுக்க வருமா? மேடு பள்ளம் உண்டா? ரோட்டுக்கு வந்தா கால்வாசி போயிரும். மிச்சம் எவ்வளவு நிக்குதுங்கிறது ஓட்டுறவன் கால்ல இருக்கு.

அதுக்கு ஒரே வழி, டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பணும். ஒரே பங்க், ஒரே பம்பு, முதல் ‘டக்’ சத்தத்தோட நிறுத்திடணும். ஓட்டிட்டு வந்து மறுபடி அதே பம்புல, அதே ‘டக்’ வரைக்கும். ஓடின தூரத்தை, பிடிச்ச லிட்டரால வகுத்தா வந்துருச்சு. திங்கள், செவ்வாய், புதன் நான் ஓட்டுறது. வியாழன், வெள்ளி, சனி அவ. கை மாறும்போதெல்லாம் டேங்க்கை நிரப்பிடணும். ஃபிரிட்ஜ் பக்கவாட்டுல ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். சிகாமணி, அரசின்னு ரெண்டு பேர். பச்சைப் பேனா ஒண்ணு, சிவப்புப் பேனா ஒண்ணு.

முதல் வாரம் எனக்கு பதினஞ்சு புள்ளி ரெண்டு. அவளுக்கு பதினாலு.

காசுக்காக இல்ல சார், ஒரு ஒழுங்குக்காக. டயர் காத்தைப் பாத்தேன், இருபத்தஞ்சுதான் இருந்தது. முப்பத்திமூணு வைக்கணும். அதுவும் காலையில, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி. ஏர் ஃபில்டரைக் கழட்டினா உள்ள ஒரு அணில் கூடு கட்டுற அளவுக்குத் தூசி. டிக்கியைத் திறந்தேன், மடக்கு நாற்காலி ரெண்டு, ஒரு பெட்ஷீட்டு, தண்ணிக் கேன், நாலஞ்சு புஸ்தகம். “இதெல்லாம் எதுக்கு அரசி?”ன்னேன். “இருக்கட்டுமேங்க”ன்னா. எல்லாத்தையும் எடுத்து மாடிக்கு ஏத்திட்டேன். பதினோரு கிலோ. ஓட்டும்போது நாப்பத்தஞ்சுல இருந்து அம்பத்தஞ்சுக்குள்ள, முடிஞ்ச அளவு பெரிய கியர்ல. சிக்னல்ல அரை நிமிஷத்துக்கு மேல நின்னா இன்ஜினை அணைச்சுடணும். கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டக் கூடாது. ஒரு மாசத்துல பதினஞ்சை பத்தொன்பது புள்ளி ஆறுக்குக் கொண்டு வந்துட்டேன் சார். டவுனுக்குள்ள! ஏசியோட! இது சாதாரணமா?

ஆனா அவளுக்கு? பன்னண்டு புள்ளி எட்டு. அடுத்த வாரம் பதினொண்ணரை. சித்திரை பிறந்து வெயில் ஏற ஏற, இது இறங்குது. அதே வண்டி, அதே காத்து, அதே பெட்ரோல். எனக்கு ஏறுது, அவளுக்கு இறங்குது. என்னன்னு நினைப்பீங்க?

இன்னும் எடையைக் குறைப்போம்னு பாத்தேன். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, அதோட சாமான் எல்லாம் சேந்து பதினாறு கிலோ. இறக்கிட்டேன். அந்த சமயத்துலதான் தஞ்சாவூர்ல ஒரு கல்யாணம், அரசியோட சித்தப்பா பேத்திக்கு. அரசியோட தங்கச்சி தமிழ்ச்செல்வி எங்க கூட கார்ல வர்றதா இருந்தது. கொஞ்சம் கனமான உடம்பு அவங்களுக்கு. எடைன்னா எல்லா எடையும்தானே? நான் மரியாதையாத்தான் சொன்னேன், “நீங்க ரயில்ல வந்துருங்கம்மா, வசதியா இருக்கும்”னு. “ஏன் மாமா?”ன்னாங்க. உண்மையைத்தான் சொன்னேன். சொன்னதுல தப்பு என்ன இருக்கு?

துவாக்குடி தாண்டி பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி வீட்ல இருக்கு. வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில். பஞ்சர் ஒட்டுற ஆளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ரெண்டு மணி நேரம். ஆனா ஒண்ணு சார், அந்த ரெண்டு மணி நேரத்தை நான் வீணாக்கல. எடைக்கும் எரிபொருளுக்கும் உள்ள சம்பந்தத்தை அவளுக்கு முழுசா விளக்கிட்டேன். ரோட்டோரக் கல்லுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா. நாங்க மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது தமிழ்ச்செல்வி சாப்பிட்டு முடிச்சு வெத்திலை போட்டுக்கிட்டு ஃபேனுக்கடியில உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்து, “எவ்வளவு மாமா குடுத்துச்சு?”ன்னாங்க. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசுறதில்ல.

அடுத்து அவ பக்கத்துலயே உக்காந்து பாத்துருவோம்னு முடிவு பண்ணினேன், டெப்போல பண்ணின மாதிரி. டேஷ்போர்டு மேல ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சேன். அது உருளக் கூடாது. உருண்டா, வேகமா மிதிக்கிறோம் இல்லேன்னா வேகமா நிறுத்துறோம்னு அர்த்தம். ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னல் வரைக்கும் அசையல. “இப்பக் காலை எடு, எடுத்துட்டியா, எடுத்துட்டேன்னு சொல்லு”ன்னு நான் சொல்லிக்கிட்டே வர்றேன், திடீர்னு ஒரு பிரேக்கு. முன்னாடி வண்டியும் இல்ல, ஆளும் இல்ல. பழம் என் மடியில வந்து விழுந்துச்சு. “என்ன ஆச்சு?”ன்னேன். “ஒண்ணுமில்ல”ன்னா. வீட்டுக்கு வந்து அந்தப் பழத்தை வாங்கிட்டுப் போனா. அன்னிக்கு மத்தியானம் எலுமிச்சஞ்சாதம்.

அந்த வாரம் அவ கணக்கு பத்து புள்ளி ஏழு. சிவப்புப் பேனாவால எழுதினேன். அவ அந்தப் பக்கமே பாக்கல. ஃபிரிட்ஜைத் திறக்கும்போது கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவா. அன்னிக்கு சாயந்திரம் பொண்ணு போன்ல கூப்பிட்டா. “அப்பா, அம்மாவை விடுங்கப்பா. கொஞ்ச நாள் பேசாம இருங்க”ன்னா. பேசாம இருந்தா மைலேஜ் எப்படிம்மா ஏறும்னு கேட்டேன். வெச்சுட்டா.

வண்டி எங்கயாவது ஒழுகுதான்னு மெக்கானிக் சாதிக்கிட்ட கொண்டு போனேன். நல்ல தொழில்காரன். அடியில படுத்து ஒரு மணி நேரம் பாத்தான். “ஒரு சொட்டு ஒழுகல சார். நீங்க ஓட்டினா சரியா இருக்கு, அம்மா ஓட்டினா இல்ல. அப்ப கோளாறு வண்டில இல்ல சார்”னான்.

“அதைத்தானே நானும் சொல்றேன்”னேன்.

“நான் அதைச் சொல்லல சார்”னான். பின்ன எதைச் சொன்னான்னு தெரியல. கையைத் துடைச்சுக்கிட்டு, “அம்மா எங்கயாவது வண்டியை நிறுத்தி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்களா, கேட்டுப் பாருங்க”ன்னான்.

கேக்கல. அவ போற இடம் எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை கோயில், வெள்ளிக்கிழமை லைப்ரரி, சனிக்கிழமை காய்கறி. மீட்டர்ல கிலோமீட்டரும் அதுக்குச் சரியாத்தான் இருக்கும். கிலோமீட்டர் சரி, லிட்டர் தப்பு. முப்பத்தோரு வருஷத்துல இப்படி ஒரு கேஸை நான் பாத்ததில்ல.

அக்னி நட்சத்திரம் நடுவுல ஒரு வியாழக்கிழமை. சாயந்திரம் நாலு மணி. அவ கோயிலுக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. நான் மாத்திரை வாங்கக் கடைக்குப் போனவன், வெயிலுக்குப் பயந்து பார்க்குக்குப் பின்னாடி இருக்கிற தெரு வழியாத் திரும்பினேன். அங்க ஒரு பெரிய வாகை மரம். அதுக்கடியில எங்க வண்டி.

கண்ணாடி நாலும் ஏத்தியிருக்கு. இன்ஜின் ஓடுது. வண்டிக்கடியில குளம் மாதிரி தண்ணி. ஏசி தண்ணி சார், சொட்டுச் சொட்டா ஒழுகுமே. அதோட அகலத்தைப் பாத்தே சொல்லிருவேன், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாம ஓடியிருக்குன்னு. உள்ள எட்டிப் பாத்தேன். சீட்டைப் பின்னாடி சாய்ச்சுப் போட்டு, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, மல்லாந்து கிடக்கா. கண்ணு மூடியிருக்கு. அசையல.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன சார், பயந்துட்டேன். எத்தனை சேதி படிக்கிறோம், ஏசி போட்டுட்டுத் தூங்கினவங்க எந்திரிக்கவே இல்லேன்னு. கண்ணாடியைத் தட்டினேன். கண்ணைத் திறந்தா. அப்பாடான்னு இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு லிட்டரும் இல்ல, கிலோமீட்டரும் இல்ல. கண்ணாடியை ரெண்டு விரல் அளவுக்கு இறக்கினா. நான் என்ன கேக்க நினைச்சேனோ தெரியாது, வாயில வந்தது, “நியூட்ரல்ல இருக்கா?”

“இருக்குங்க.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“யாருக்காவது காத்துக்கிட்டிருக்கியா?”

“இல்ல.”

“பின்ன என்ன பண்றே?”

“ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுக்கு இன்ஜின் எதுக்கு ஓடுது?”

“ஏசி ஓடணுமே.”

“ஏசி எதுக்கு?”

“கண்ணாடியை ஏத்தியிருக்கேனே. வெந்துருவேன்ல?”

“கண்ணாடியை எதுக்கு ஏத்துறே?”

“சத்தம் கேக்கக் கூடாது.”

“இங்க என்ன சத்தம்? ஒரு காக்கா கூட இல்ல.”

என்னைப் பாத்து, “இப்ப வந்துருச்சு”ன்னா.

நானும் திரும்பித் திரும்பிப் பாத்தேன் சார். மரத்துல ஒண்ணையும் காணோம்.

ஜங்ஷன்ல இறங்குற கூட்டம் இறங்கட்டும், காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன், “தினமும் அங்கதான் நிக்கிறியா?” “வாரம் மூணு நாள், ஒரு மணி நேரம்”னா. “எத்தனை நாளா?” “நீங்க ரிட்டயர் ஆனதுலேருந்து.” கணக்குப் போட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி இப்படி ஒரு பழக்கமே அவளுக்குக் கிடையாதாம். வயசானா உடம்புச் சூடு கூடும்னு சொல்றாங்களே, அதுதான் போல. வீட்டுக்கே ஒரு ஏசி வாங்கிப் போட்டுரலாம், ஹால்ல ரெண்டு பேரும் நாள் முழுக்க உக்காந்துக்கலாம்னு சொன்னேன். “ஐயோ வேணாங்க”ன்னு பதறிட்டா. சிக்கனமானவ.

ஆனா எனக்கு வேற ஒண்ணு மனசுல உறுத்துச்சு. நிக்கும்போது எரியிற பெட்ரோலை ஓட்டும்போது எரிஞ்ச கணக்குல சேத்தா, அது நியாயமா? டெப்போல ஒரு டிரைவர் ரயில்வே கேட்டுல அரை மணி நேரம் மாட்டிக்கிட்டா, அதை நான் கழிச்சுத்தான் எழுதுவேன். யாராயிருந்தாலும் நியாயம் நியாயம்தானே? அதனால மறு திங்கக்கிழமை நானே டேங்க்கை நிரப்பிட்டு, அதே மரத்தடியில, அதே மாதிரி ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏத்திட்டு உக்காந்தேன். ஒரு மணி நேரம் அளந்து பாக்கணும்.

சார், எப்படித்தான் இருக்காளோ! பத்து நிமிஷம் தாங்கல எனக்கு. ஒரு சத்தம் இல்ல. யார்கிட்டயும் எதுவும் சொல்ல முடியல. நம்ம மூச்சு நமக்கே கேக்குது. கடைசியில பார்க் வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சேன். கிளட்ச் தேயுறதைப் பத்தி அம்பது நிமிஷம் பேசிக்கிட்டிருந்தோம். அவருகிட்ட சைக்கிள்தான் இருக்கு. இருந்தாலும் கேட்டாரு.

நேராப் போய் டேங்க்கை நிரப்பினேன். போக வர ஓட்டினதைக் கழிச்சா, ஒரு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபது மில்லி. கிட்டத்தட்ட ஒரு லிட்டர்! வாரத்துக்கு மூணு மணி நேரம். பலகையில இருந்த பழைய கணக்கை எடுத்தேன். பத்து புள்ளி ஏழு வந்த வாரம் அவ ஓட்டினது அறுபத்திரெண்டு கிலோமீட்டர், பிடிச்சது அஞ்சு புள்ளி எட்டு லிட்டர். அதுல நின்னு எரிஞ்சதைக் கழிச்சா மூணு லிட்டரும் சொச்சமும்தான். வகுத்தேன்.

இருபது புள்ளி நாலு.

தப்பாப் போட்டுட்டேன்னு மறுபடி வகுத்தேன். கால்குலேட்டர்ல ஒரு தடவை, பேப்பர்ல ஒரு தடவை. இருபது புள்ளி நாலு. எனக்கு பத்தொன்பது புள்ளி ஆறு. முந்தின வாரத்தைப் பாத்தேன், இருபது புள்ளி ஒண்ணு. பங்குனியில முதல் வாரத்துல கூட என்னை விட அதிகம் சார். டயர்ல காத்து இல்லாதப்பவே! டிக்கியில நாற்காலி இருந்தப்பவே! டிரைவிங் ஸ்கூல்ல ஏதோ ஒரு பொண்ணுகிட்ட கத்துக்கிட்டவ, முப்பத்தோரு வருஷ அனுபவத்தை விட முக்கால் கிலோமீட்டர் கூட ஓட்டுறா.

மூணு நாள் யார்கிட்டயும் சொல்லல. சாப்பாடு இறங்கல. பேசவும் பிடிக்கல. மூணாவது நாள் அரசியே வந்து, “என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா? வீடு இவ்வளவு அமைதியா இருக்கே”ன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தா. தொட்டுப் பாத்துட்டு, எனக்குப் பிடிச்ச வெங்காய வத்தக்குழம்பு வெச்சா. ரெண்டு மாசமா வைக்காத குழம்பு.

அதைச் சாப்பிட்டுட்டு எப்படி சார் மறைக்கிறது? என் சர்வீஸ்ல ஒரு நம்பரை நான் திருத்தினதில்ல. எழுந்து போய் பலகையில இன்னொரு கட்டம் போட்டேன். ‘நிறுத்தத்தில் எரிந்தது’ன்னு தலைப்பு. அரசிக்கு நேரா இருந்த சிவப்பை அழிச்சுட்டு, பச்சையில இருபது புள்ளி நாலுன்னு எழுதினேன். என் பேருக்கு நேரா பத்தொன்பது புள்ளி ஆறை சிவப்புல எழுதினேன்.

கை கழுவிட்டு வந்தவ பலகையைப் பாத்தா. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து மறுபடி பாத்தா.

“இது என்னங்க?”

“நின்னப்ப எரிஞ்சதைக் கழிச்சாச்சு.”

“அப்ப நான் உங்களை விட நல்லா ஓட்டுறேனா?”

“கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“கணக்கு சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

பேனாவை மூடி வெச்சேன். “நல்லா ஓட்டுறே அரசி”ன்னேன். அவ முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு சிரிச்சா பாருங்க, நித்யா பிறந்தப்ப சிரிச்சது, அதுக்கப்புறம் அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. உடனே தங்கச்சிக்குப் போனைப் போட்டுட்டா. எதிர்ப் பக்கம் தமிழ்ச்செல்வி சிரிக்கிற சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.

அதோட நல்லபடியா முடிஞ்சிருக்கும் சார். நான்தான் இன்னும் நல்லது பண்ணணும்னு நினைச்சேன். வாரம் மூணு மணி நேரம் அவ மரத்தடியில நிக்கிறதுக்கு நானே அனுமதி குடுத்தேன். குடுத்துட்டு, எதுக்கு அவ தனியா உக்காந்திருக்கணும்னு நானும் கூடப் போனேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஏசிதானே, கூடவா எரியப் போகுது? நான் பேசக் கூட இல்ல சார். சத்தியமாச் சொல்றேன். இன்ஜின் சுத்து ஏறி இறங்கும்போது அதை மட்டும் சொன்னேன். “இப்ப எண்ணூறு அரசி. இப்ப தொள்ளாயிரம்.” அவ்வளவுதான்.

மூணாவது தடவை திரும்பி வந்ததும் சாவியை என் கையில குடுத்துட்டா. “நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேணாம்”னா. அவ பணத்துல வாங்கின வண்டி சார்! கோவமா சொல்லல. அதுதான் எனக்கு என்னவோ பண்ணிருச்சு.

மறுநாள்லேருந்து சாயந்திரமானா பஸ்ஸுல கிளம்பிடுறா. டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுல்ல? ஜன்னலோரமா ஒரு சீட்டைப் பிடிச்சுக்கிட்டு சத்திரம் வரைக்கும் போறது, அதே மாதிரி திரும்பி வர்றது. வேலை ஒண்ணும் கிடையாது. “அந்த இரைச்சல்ல எப்படி உக்காந்திருக்கே? உனக்குத்தான் சத்தம் ஆகாதே?”ன்னேன். “அந்தச் சத்தம் எங்கிட்ட எதுவும் கேக்குறதில்லைங்க”ன்னா. என்ன பதில் சார் இது?

அப்புறம் வண்டி முழுக்க என்கிட்டதான். மூணு வாரம் நான் மட்டும் ஓட்டினேன். இருபத்தொண்ணைத் தொட்டேன் சார்! ஆனா தொட்ட அன்னிக்கு சிக்னல்ல இன்ஜினை அணைச்சுட்டுப் பக்கத்துல திரும்பினா, சீட்டு காலியா இருக்கு. இருபத்தொண்ணுன்னு யார்கிட்ட சொல்றது? வீட்டுக்கு வந்து பலகையில எழுதினேன். எழுதிட்டு நானே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் வண்டிக்கு உறையைப் போட்டு மூடிட்டேன்.

அன்னிக்கு அவ செருப்பை மாட்டும்போது வாசல்ல போய் நின்னேன். “நானும் வரட்டுமா அரசி?” முப்பத்தாறு வருஷத்துல அவகிட்ட நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவைன்னு நினைக்கிறேன். ஒரு செருப்பு கால்ல, ஒரு செருப்பு கையில.

“வாங்க. ஆனா பின்னாடி உக்காருங்க”ன்னா.

நியாயம்தானே? முன்னாடி பொம்பளைங்க சீட்டு.

இப்ப ஒன்றரை மாசமா தினமும் சாயந்திரம் இதான் சார். எனக்கு டிக்கெட்டு, அவளுக்கு இல்ல. அவ முன்னாடி, நான் பின்னாடி. எனக்கும் பொழுது போகுது, தினம் ஒரு ஆள் பக்கத்துல வந்து உக்காருறாங்க, உங்களை மாதிரி பொறுமையான ஆளா அமைஞ்சா சத்திரம் வந்ததே தெரியாது. சத்திரத்துல இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஆளுக்கொரு காபி குடிப்போம். அப்ப அவளே பேசுவா. “இன்னிக்கு உங்க பக்கத்துல யாரு?”ன்னு முதல்ல கேப்பா. நான் சொல்லுவேன், ஒரு பேங்க் ஆபீசர், ஒரு பூ விக்கிறவர், இப்படி. “அவரு என்ன சொன்னாரு?”ன்னு கேப்பா. “அவரு ஒண்ணும் சொல்லல”ன்னுவேன். அதுக்கு ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க, காபி டம்ளர் ஆடிப் போகும். மனுஷங்க மேல அவ்வளவு ஆசை அவளுக்கு. முன்னெல்லாம் வீட்ல இப்படி உக்காந்து பத்து நிமிஷம் பேசினதே கிடையாது சார். திரும்பி வரும்போது கூட, போன வாரம் ஒரு நாள் பஸ் காலியா இருந்ததுன்னு பக்கத்துல உக்காரச் சொன்னா. பாலக்கரை வரைக்கும்.

மெயின்கார்டுகேட் வந்தாச்சு. அடுத்தது சத்திரம்தான். அதோ, மூணாவது வரிசையில ஜன்னலோரமா, மாம்பழக் கலர் புடவை, தெரியுதா? அவதான். பாருங்க, திரும்பிப் பாக்குறா. என்னைப் பாக்கல, உங்களைப் பாக்குறா. நெஞ்சு மேல கையை வெச்சு கும்பிடுற மாதிரி ஏதோ காட்டுறாளே. ஏன் சார், உங்களுக்கு அவளை முன்னாடியே தெரியுமா?